ஆறு மாதச் சான்றிதழும் ஒரு தோள்பட்டையும்

பிசியோதெரபி என்பது எண்ணெய் தடவிக் கைகால் பிடித்துவிடும் தொழிலேயன்றி வேறில்லை, அதற்காக ஒரு பிள்ளை நான்கைந்து வருஷம் சர்வகலாசாலையில் காலத்தையும் பணத்தையும் செலவிடுவது வீண், ஆறு மாதச் சான்றிதழ் ஒன்று வாங்கிக்கொண்டால் அதே தொழிலைச் செய்து பிழைத்துக்கொள்ளலாம் என்னும் அபிப்பிராயம் எங்கள் மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர் லைன் வீடுகளிலும், தமிழர் வாழும் மற்ற ஊர்களிலும் ஆழ வேரூன்றிக் கிடக்கிறது. பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கப் புறப்பட்ட தகப்பனாரிடம் படித்தவர்களே இதைச் சொல்லி அவர் மனத்தைக் கலைத்துவிடுகிறார்கள். இதைப் போல் எங்கள் ஊருக்குத் தீங்கு செய்யும் பிரமை வேறொன்றை நான் அறியேன்.

உடம்பைத் தேய்த்துப் பொன் எடுத்த ஊர் எங்களுடையது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்தது முதல் 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது வரை, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த எங்கள் முன்னோர் கேஜ் என்னும் கூண்டில் இறங்கி, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை பாறையைத் துளைத்தார்கள். அந்தப் பாறைத் தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் ஆனதும், ஏர் பிளாஸ்ட் என்று வழங்கிய பாறை வெடிப்பில் முதுகெலும்பு முறிந்ததும் லைன் வீடுகளில் இன்றும் கேட்கக் கிடைக்கும் சரித்திரம். சிலிக்கோசிஸைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. ஆயினும், எஞ்சியுள்ள நுரையீரலைக் கொண்டு உதட்டைக் குவித்து எவ்வாறு மூச்சு விடுவது, எவ்வளவு தூரம் நடந்து எந்த இடத்தில் நிற்பது, எந்தத் தசைக்கு எவ்வளவு வேலை கொடுப்பது என்று ஒருவர் அளந்து பழக்கினால், வாசற்படி ஏறமுடியாதவர் தெருமுனைக் கடை வரை போய்வரக்கூடும். இந்தச் சிகிச்சையில் பிடித்துவிட என்ன இருக்கிறது?

என் தந்தையார் மைசூர் மைனில் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது, சட்டமிட்ட சான்றிதழ் ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்த இளைஞர் ஒருவர் தினந்தோறும் வந்து, அந்தக் கையைப் பிடித்துத் தலைக்கு மேல் இழுத்து இழுத்துவிட்டார். நல்ல பிள்ளை; கபடம் அறியாதவர்; தமக்குக் கற்பித்ததைச் செய்தார். பக்கவாதத்தில் தோளைத் தாங்கும் தசைகள் சோர்ந்திருக்கும்போது கையை இழுத்தால் மூட்டு நழுவக்கூடும் என்பதை அவருக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. ஒரு மாதத்தில் தந்தையாரால் அந்தப் பக்கம் படுக்கமுடியவில்லை. பிறகு, பட்டம் பெற்ற ஒரு பெண்மணி வந்தார். முதல் நாள் அவர் கையை இழுக்கவே இல்லை. அதன் அடியில் தலையணை வைத்து, தோள்பட்டை எலும்போடு சேர்த்து அணைத்துத் தூக்குவது எவ்வாறு என்பதை என் தாயாருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கே கை வைக்கக்கூடாது என்பதை அறியவே அத்தனை வருஷமும் வேண்டியிருக்கிறது. எலும்பு முறிந்து படுத்திருப்பவரின் கெண்டைக்கால் திடீரென்று வீங்கிச் சூடாயிருந்தால், பிடித்துவிடு என்று வீட்டார் கெஞ்சுவார்கள். உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும், பிசைந்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே போக்கக்கூடும் என்று அறிந்தவரே மறுக்கத் துணிவார். எங்களுக்கு அயல் மாநிலத்திலுள்ள புத்தூரில் எலும்பு கட்டுகிறவர்களைச் சிலர் எதிர்வாதமாகக் காட்டுகிறார்கள்; அவர்களும் தலைமுறைகளாகக் கற்ற குடும்பத்தாரேயன்றி ஆறு மாதத்தில் கற்றவர்கள் அல்லர்.

வேலூரில் சத்திர சிகிச்சை செய்துவந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளைச் சீராக்கி, பின்னர் புனர்வாழ்வு மருத்துவம் கற்க நியூயார்க் வரை சென்று திரும்பி, 1966-ல் வேலூரில் அதற்கென ஒரு நிலையம் கண்டார். கைகால் பிடிப்பதே புனர்வாழ்வு என்றால், கத்தி பிடித்துத் தேர்ந்த அவர் எதற்காக மீண்டும் மாணவியாகக் கடல் கடந்தார்? 2021-ஆம் வருஷத்து மத்திய சட்டம் பிசியோதெரபித் தொழிலுக்குரிய பட்டப்படிப்பு 3,600 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்கிறது. ஞாயிறும் பண்டிகையும் பாராமல் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கற்பித்தாலும் ஆறு மாதத்தில் 1,500 மணி நேரம் தேறாது.

சான்றிதழ் படிப்பை நான் அறவே வெறுப்பவன் அல்லன். பட்டம் பெற்றவரின் மேற்பார்வையில் உதவியாளராக நிற்பதும், பட்டத்துக்குப் பின் ஒரு துறையில் குறுகிய பயிற்சி பெறுவதும் கௌரவமான காரியங்களே. உதவியாளர் படிப்பைச் சிகிச்சையாளர் படிப்பென்று விற்பதே அநியாயம். அந்த விலையைக் கொடுப்பவர்கள், மாரிகுப்பத்தில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஐந்து வருஷம் படிக்கவைக்க வழியில்லையே என்று அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் ஏழைக்கு அரைப்படிப்பும், ஏழை நோயாளிக்கு அரைச்சிகிச்சையும் போதும் என்ற முடிவுக்கு அதிலிருந்து எந்த நியாயத்தால் வருகிறோம்? அரசாங்கம் இங்கேயே ஒரு பிசியோதெரபிக் கல்லூரி திறந்து, தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி இடம் கொடுக்கட்டும். கற்பதற்கு நோயாளிகளைத் தேடி மாணவர்கள் அலையவேண்டியதில்லை. லைன் வீட்டு வாசல்களில் நோயாளிகள் மூச்சிரைக்க உட்கார்ந்திருக்கிறார்கள்.