வேர்டுக்கு ஏன் வாடகை?

தோழர்களே, மெரிலேண்ட்ஸில வீட்டு வாடகை ஏறினால் எல்லாருக்கும் கோபம் வருது. வீட்டுக் கணினியில இருக்கிற வேர்டுக்கு வாடகை ஏறினபோது எங்கட வீடுகள் பேசாமல் கட்டின. ஏறினதே பலருக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். 2024 ஒக்டோபர் கடைசியில மைக்ரோசொப்ட் தன்ர 365 சந்தாவுக்குள்ள கோபைலட் என்ற ஏஐ கருவியைச் சேர்த்து, விலையையும் கூட்டியது. தனியாள் சந்தா வருடத்துக்கு 109 டொலரில இருந்து 159. குடும்பச் சந்தா 139இல இருந்து 179. கோபைலட் இல்லாமல் பழைய விலைக்கே 'கிளாசிக்' என்றொரு சந்தாவும் இருந்தது. ஆனால் ரத்துச் செய்யப் போனால்தான் அது கண்ணில் பட்டது. இதை மறைத்துச் சுமார் 27 இலட்சம் பேரைத் தவறாக வழிநடத்தியதாக அவுஸ்திரேலியப் போட்டி, நுகர்வோர் ஆணையம் 2025 ஒக்டோபரில் வழக்குப் போட்டது. அடுத்த மாதமே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பழைய சந்தாவுக்கு மாறுகிறவர்களுக்குப் பணம் திருப்பித் தருவதாகச் சொன்னது.

இந்த வாடகையைக் கட்டுறது நாங்கள் இல்லை. எங்களுக்குப் பல்கலைக்கழகக் கணக்கு இருக்கு, படிப்பு முடியும்வரை இலவசம். பழக்கிவிட்டுப் பிறகு காசு கேட்கிற இலவசம் அது. கட்டுறது அம்மா, அப்பா, மாமி. ஆங்கிலத்தில வருகிற நீளமான மின்னஞ்சலை யார் வாசிக்கினம்? காசு கார்டில இருந்து தானாகப் போகுது. அந்த வேர்டில அவை செய்யிறது ஒரு கடிதம், ஒரு வேலை விண்ணப்பம், தமிழ்ப் பாடசாலை அறிவித்தல். இவ்வளவுக்கும் லிப்ரே ஒபிஸ் தாராளமாகக் காணும். 2010இல ஓப்பன் ஒபிஸில் இருந்து பிரிந்து வந்த கட்டற்ற மென்பொருள் அது. சந்தா இல்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை. ஜேர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் சுமார் 30,000 அரசுக் கணினிகளை இதுக்கு மாற்ற 2024இல முடிவெடுத்தது.

கூகுள் டொக்ஸும் இலவசம்தானே என்று கேட்பியள். காசுக்கு இலவசம், உண்மை. ஆனால் எழுதினது அவையின்ர சேர்வரில இருக்கும். அகதி விண்ணப்பத்துக்கான வாக்குமூலத்தை எழுதிக் கொடுக்கிற எங்களுக்கு அது சின்ன விசயம் இல்லை. பலஸ்தீனரின் தொலைபேசி உரையாடல்களை இஸ்ரேலிய உளவுப் பிரிவொன்று மைக்ரோசொப்ட் மேகத்தில சேமித்தது 2025இல அம்பலமானதை மறக்க வேண்டாம்.

சிக்கல்களும் இருக்கு. மேற்பார்வையாளர் திருத்தங்களோட அனுப்புகிற ஆய்வேட்டை வேர்டிலேயே வைத்திருங்கோ. மக்ரோ நிறைந்த எக்செல் கோப்புகள் சரியாக ஓடாமல் போகலாம். பாமினியில தட்டின பழைய அறிவித்தல்களுக்கு அந்த எழுத்துருவையும் கணினியில போடவேணும். சந்தாவை நிறுத்த முதல் வன்ட்ரைவைப் பாருங்கோ. அங்க இருக்கிற 1 டெராபைட் இடம் 5 ஜிகாபைட்டாகச் சுருங்கும். குடும்பப் படங்களை முதலில் இறக்கிவையுங்கோ.

கட்டற்ற மென்பொருளுக்குக் காசு தேவையில்லை, ஆனால் யாரோ ஒருவரின்ர நேரம் தேவை. கேரள அரசுப் பள்ளிகள் மாறினது அறிக்கை விட்டு இல்லை, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து. நாங்களோ பெற்றோருக்கு முதலாளித்துவம் பற்றி விரிவுரை வைப்பம், அவையின்ர கணினிக்குப் பக்கத்தில அரை மணித்தியாலம் இருக்கமாட்டம். அந்த அரை மணித்தியாலத்தை அம்மா தனியாகக் கண்டுபிடிக்க முடியாது என்பதை நம்பித்தான் இந்தச் சந்தா வியாபாரமே ஓடுது.

அதனால ஒரு கோரிக்கை. அடுத்த மடலுக்கு முதல் ஆளுக்கு ஒரு வீடு. சந்தாவுக்கு எவ்வளவு போகுது என்று பாருங்கோ. லிப்ரே ஒபிஸைப் போட்டு, வேர்ட் வடிவத்திலேயே சேமிக்கிற மாதிரி அமைத்துக் கொடுங்கோ. ஒரு மாதம் இரண்டும் இருக்கட்டும். பிறகு வேணுமா வேண்டாமா என்று அவையே முடிவெடுக்கட்டும். வேர்ட்தான் வசதி என்றால், குறைந்தது அந்தக் கிளாசிக் சந்தா இன்னும் கிடைக்குதா என்றாவது தேடிப் பார்த்துக் கொடுங்கோ.