சீனி கூடியது யார் குற்றம்?

"வாயைக் கட்டத் தெரியாது. அதுதான் சீனி கூடிப் போச்சு." நீரிழிவு நோயாளர் உள்ள வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கும். நோயாளி கவனமாக இருக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. கவனமாக இருப்பதற்கு அவரிடம் வசதி உண்டா என்று எவரும் கேட்பதில்லையே என்பதுதான் எனது ஆதங்கம்.

எமது நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம். அது பெரும் பேறு. ஆயினும் கிளினிக் நாளில் கூலித் தொழிலாளி ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறார். பஸ் செலவு வேறு. கையிருப்பில் இல்லாத மருந்தை வெளியே வாங்க வேண்டும். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடும் எரிபொருள் வரிசையும் ஒன்றாக வந்தன. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அக்காலத்தில் இரண்டு குளிசையை ஒன்றாக்கி நாள் கடத்தியவரை அலட்சியக்காரர் என்பது நியாயமா?

"சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டுங்கள்" என்பது நல்ல அறிவுரை. ஆனால் குறைந்த காசில் வயிற்றை நிரப்புவது சோறுதான். இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் என்ன செய்வது? எல்லோரும் சாப்பிட்ட பின் மிஞ்சியதைச் சாப்பிடும் உம்மாவுக்கு வேளைக்கு உணவு ஏது? பிள்ளையின் டியூஷன் காசைக் கட்டிய பிறகே அவர் தன் மருந்தை நினைக்கிறார்.

வளர்ந்த நாடுகளில்கூட நீண்டகால நோயாளரில் ஏறத்தாழ பாதிப் பேரே மருந்தை ஒழுங்காக எடுக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2003 இல் கூறியது. வறிய நாடுகளில் நிலைமை இதைவிட மோசம் என்றும், நோயாளியைக் குறை கூறாமல் அவருக்குத் துணை நிற்க வேண்டும் என்றும் அதே அறிக்கை வலியுறுத்தியது.

கூலி வேலைக்குப் போவோருக்காக மாலை நேரக் கிளினிக்குகள் வேண்டும். அதை அரசாங்கம்தான் செய்ய வேண்டும். வீட்டில் செய்யக்கூடியவை எம் கையில் உள்ளன. மாணவிகளாகிய நாம் கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியைப் பார்த்து நினைவூட்டலாம். குளிசைகள் முடியுமுன் எண்ணிச் சொல்லலாம். கண் பார்வை மங்கிய மூத்தம்மாவின் பாதங்களில் புண் உண்டா என்று தினமும் பார்க்கலாம். நோயாளிக்கென்று தனிச் சமையல் வேண்டாம். சீனியும் எண்ணெயும் குறைந்த ஒரே சமையலை முழுக் குடும்பமும் உண்ணலாம். பெற்றோரே, உம்மாவின் மருந்துச் செலவையும் மாதக் கணக்கில் முதலிலேயே எழுதி வையுங்கள்.

அடுத்த முறை சீனி கூடினால், "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று அதட்டாமல், "மருந்து இருக்கிறதா?" என்று முதலில் கேட்போம்.