மருத்துவமனைக்குள் ஒரு மென்பொருள் வல்லுநர்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஸ்போகேன் நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், 2020 அக்டோபரில் புதிய மின்னணு மருத்துவப் பதிவேடு நடைமுறைக்கு வந்தது. பரிசோதனைக்கோ, சிறப்பு மருத்துவரின் ஆலோசனைக்கோ மருத்துவர் அனுப்பும் பரிந்துரை எந்தப் பிரிவுக்கு உரியது என்பதை மென்பொருளால் அறிய இயலாவிட்டால், யாரும் பார்க்காத ஒரு வரிசையில் அது போய்ச் சேர்ந்தது. அனுப்பியவருக்கு எந்த அறிவிப்பும் இல்லை. இவ்வாறு 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பரிந்துரைகள் தேங்கியதையும், 149 நோயாளிகள் பாதிக்கப்பட்டதையும் முன்னாள் படைவீரர் நலத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2022-இல் வெளிப்படுத்தியது.

இந்த மென்பொருளுக்காக செர்னர் நிறுவனத்துடன் 2018-இல் அத்துறை செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 1,000 கோடி டாலர். விந்தை என்னவென்றால், இது அகற்ற வந்த 'விஸ்டா' என்னும் பழைய மென்பொருள், அத்துறையின் சொந்த ஊழியர்கள் உருவாக்கியது.

1970-களின் இறுதியில் மருத்துவமனைகளிலேயே பணியமர்த்தப்பட்ட நிரலாளர்கள், மருத்துவர்களின் அருகில் அமர்ந்து, தலைமையகத்தின் எதிர்ப்பையும் மீறி அதன் தொடக்கப் பகுதிகளை எழுதினர். கான்சாஸ் மாநிலத்தின் டொப்பீகா மருத்துவமனைச் செவிலியர் ஒருவர், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது பணியாளர் அதன் பட்டைக் குறியீட்டைக் கருவியால் படிப்பதைக் கண்டார். நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் இதே முறையில் ஒப்பிட்டால் மருந்து மாறிப்போகாதே என்று தோன்றியது. அதைச் செய்துதரும் ஆட்கள் துறைக்குள்ளேயே இருந்ததால் அந்த எண்ணம் செயல்வடிவம் பெற்று, நாடெங்கும் உள்ள படைவீரர் மருத்துவமனைகளுக்குப் பரவியது. ஒப்பந்தப்புள்ளி கோரி, விலை பேசி, திருத்த ஆணை பெற்றுச் செய்ய வேண்டியிருந்தால் அது எந்தக் கோப்பில் உறங்கியிருக்குமோ!

விஸ்டா குறையற்றது அன்று. மருத்துவமனைக்கு ஒன்றாக ஏறத்தாழ 130 வடிவங்களாகக் கிளைத்தது; அது எழுதப்பட்ட 'மம்ப்ஸ்' மொழி அறிந்தோர் ஓய்வு பெற்றுவந்தனர். மாற்றம் தேவைப்பட்டது உண்மையே. ஆனால், அதற்கான விடை அடுத்த தலைமுறை வல்லுநர்களைப் பணியில் சேர்ப்பதா, முழுப்பொறுப்பையும் வெளியே ஒப்படைப்பதா என்பதுதான் கேள்வி.

அனுபவம் மிக்க மென்பொருளாளருக்கு அரசு ஊதியம் அளிப்பது நிரல் எழுதுவதற்காக மட்டுமன்று. 'பரிந்துரை போய்ச் சேராவிட்டால் யாருக்குத் தெரியும்?' என்று முதல் நாளுக்கு முன்பே கேட்பதற்காகவும்தான். ஒப்பந்ததாரர், ஒப்பந்தத்தில் எழுதியதைச் செய்வார். எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிக்க அரசின் பக்கம் ஒருவர் வேண்டும். தொடக்க விழாத் தேதியையே தள்ளிவைக்கச் சொல்லும் அதிகாரமும் அவருக்கு வேண்டும்.

நம் நாட்டில் அரசின் தேசிய தகவலியல் மையமே 'இ-ஹாஸ்பிட்டல்' மென்பொருளை உருவாக்கியிருப்பதால், அடித்தளம் இல்லை என்று கூற இயலாது. பத்து, பதினைந்து ஆண்டுகள் தனியார் துறையில் தேர்ந்தவரை இடைநிலையில் சேர்த்துக்கொள்ளவும், அவரை மருத்துவமனை வளாகத்திலேயே அமர்த்தவும் பணி விதிகள் இடம் தர வேண்டும். ஊதிய விகிதத்தைவிட இதுவே கடினமான சீர்திருத்தம்.

அமெரிக்காவில் புதிய மென்பொருளின் விரிவாக்கம் 2023 ஏப்ரலில் நிறுத்திவைக்கப்பட்டது. அதற்குள் அது ஐந்து மருத்துவமனைகளை எட்டியிருந்தது.