உறுதி பிறக்கட்டும் எனக் காத்திராதீர்!

புகைப்பதை விட்டொழிக்க வேண்டும் என்று ஒருநாளேனும் எண்ணாத புகைஞனை யாம் கண்டதில்லை. "விடத்தான் வேண்டும், உள்ளம் துணியவில்லையே!" என்பதே எவரும் கூறும் விடை. பொங்கல் கழியட்டும் என்பான். ஆடி போகட்டும் என்பான். மகள் திருமணம் முடியட்டும் என்பான். பொங்கலும் ஆடியும் ஆண்டுதோறும் வந்து போகின்றன. பீடிக்கட்டு மட்டும் மடியைவிட்டுப் போவதில்லை.

அமெரிக்க நிலத்து இலையைப் போர்ச்சுகீசியர் கொணர்ந்து ஈண்டு விட்டனர். சுருட்டு என்னும் நம் சொல்லை ஆங்கிலர் தம் மொழிக்குக் கொண்டு சென்றனர். இக்கொடுக்கல் வாங்கலில் இழந்தவர் யாவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சட்டம் வந்து காக்கும் என்று இருப்போரும் உளர். சேலத்து மண்ணுக்கு இதில் பழம் பட்டறிவு உண்டு. அன்றைய சென்னை மாநிலத்தில் மதுவிலக்கு முதன்முதலாக 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்திலேதான் நடைமுறைக்கு வந்தது. அதனைக் கொணர்ந்த இராசாசியின் மொழிக்கொள்கை நமக்கு என்றும் ஒவ்வாதது. எனினும் திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் 1925 முதற்கொண்டு குடியின் கேட்டைக் கண்ணெதிரே கண்டவர் அவர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. கடையை மூடச் சட்டத்தால் இயன்றது. விழைவை மூட இயன்றதோ? 1971இல் விலக்குத் தளர்ந்ததும் கடைகள் மீண்டும் முளைத்தன. புகையும் அவ்வாறே. பொதுவிடங்களில் புகைத்தலுக்கு 2008 அக்டோபர் 2 முதல் கடுந்தடை உண்டு. புகைஞன் தேநீர்க்கடையின் முகப்பிலிருந்து அதன் பின்சந்துக்கு மாறினான், அவ்வளவே.

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் என் மைத்துனர் இருபத்திரண்டு ஆண்டுகள் பீடி குடித்தவர். ஏன் விடவில்லை என்று ஒருகால் கடிந்து கேட்டேன். "பீடி பிடிக்கப் போகிறேன் என்றால் முதலாளி ஒன்றும் சொல்லார், மாப்பிள்ளை. வெறுங்கையோடு வெளியே நின்றால், ஏன் நிற்கிறாய் என்பார்" என்றார். யான் வாயடைத்துப் போனேன். இரவு முழுதும் தறியின் இரைச்சலிலும் பஞ்சுத்தூசியிலும் நிற்பவனுக்கு அப்பீடி ஒன்றே ஓய்வுச் சீட்டு! புகையை விடு என்று அறிவுரை கூறுவோர், ஓய்வையும் சேர்த்து விடு என்றன்றோ அவனிடம் கூறுகின்றனர்? நாமக்கல், சங்ககிரிச் சரக்குந்து ஓட்டுநர்க்கும் இதுவே நிலை.

அவர் விட்ட வகை எளிது. ஓய்வை விட்டாரில்லை, புகையை மட்டும் விட்டார். வழக்கமான நேரத்தில் கையில் நீர்க்குப்பியுடன் வெளியே வந்து நின்றார். முதல் மூன்று நாள் பெருந்தொல்லை. நிக்கோட்டின் வேட்கை கடுமையாக இருப்பது அப்பொழுதே. ஒவ்வொரு வேட்கையும் சில மணித்துளிகளில் தணிந்துவிடும். கிழமைகள் செல்லச் செல்ல வலுவிழக்கும். அன்றெல்லாம் அவர்க்கு உறுதி என ஒன்றும் இருந்ததில்லையாம். இரண்டு திங்கள் கழித்துத் திருச்செங்கோட்டு மலைப்படிகளில் முன்னினும் குறைந்த இளைப்புடன் ஏறியபோதுதான் அது பிறந்ததென்றார். செயல் முந்திற்று, ஊக்கம் பிந்திற்று.

ஐம்பதைக் கடந்தோர், இனி விட்டென்ன என்று சோர்தல் வேண்டா. பிரித்தானியாவில் 34,439 ஆண் மருத்துவரை 1951 முதல் ஐம்பதாண்டுகள் தொடர்ந்து கண்ட ஆய்வின் முடிவை இரிச்சர்டு டால் குழுவினர் 2004இல் வெளியிட்டனர். அறுபதில் விட்டவர் ஏறத்தாழ 3 ஆண்டுகளும், ஐம்பதில் விட்டவர் 6 ஆண்டுகளும், நாற்பதில் விட்டவர் 9 ஆண்டுகளும் வாழ்நாள் மீட்டனர் என்பது அதன் முடிவு.

தனித்து இயலாதோர் மருத்துவரை நாடுக. வேட்கை தணிக்கும் மெல்லுபசையும் ஒட்டுப்பட்டையும் உள. 1800 11 2356 என்பது புகையிலையை விட விழைவோர்க்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண். அழைப்போர் தமிழிலேயே பேசுக. தமிழிலேயே விடை வேண்டுக.