பிட்ஸ்பர்க் போனீங்களே, ஊரைப் பார்த்தீங்களா?

போன வாரம் நம்ம பதிவர் ஒருத்தரோட பிட்ஸ்பர்க் பயணப் பதிவு படிச்சேன். யாருன்னு சொல்ல மாட்டேன், தங்கமான மனுஷன். காலங்காத்தால அஞ்சு மணிக்குக் கிளம்பி இருக்கார். வெங்கடேஸ்வரா கோவில், தரிசனம், கேன்டீன்ல புளியோதரை, கோபுரத்தோட ஏழு போட்டோ, திரும்பி வர்ற வழியில அவுட்லெட் கடையில ரெண்டு ஜீன்ஸ், ராத்திரி பத்து மணிக்கு வீடு. கடைசி வரி: "பிட்ஸ்பர்க் அருமையான ஊர், எல்லாரும் ஒருமுறை போய்ப் பாருங்க."

எந்த ஊரைச் சாமி பார்த்தீங்க? கோவில் இருக்கறது பென் ஹில்ஸ் பக்கம் ஒரு குன்று மேல. ஊர் அங்கேர்ந்து பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி இருக்கு.

அவரை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நானே நாலு தடவை இதே மாதிரி போய்ட்டு வந்தவன் தான். கொலம்பஸ்ல பொட்டி தட்டுற எங்க கூட்டத்துக்குப் பிட்ஸ்பர்க்னா மூணு மணி நேர டிரைவ். 70, அப்புறம் 79, அப்புறம் 376. கடைசியில ஃபோர்ட் பிட் சுரங்கப்பாதை வரும். உள்ள நுழையற வரைக்கும் ரெண்டு பக்கமும் வெறும் மலை, மரம். வெளிய வந்த அந்த நொடியில பாலத்து மேல இருப்போம். கீழ ஆறு, எதிர்ல மொத்த ஊரும் யாரோ திரையை இழுத்து விட்ட மாதிரி நிக்கும். அந்த நொடியில எங்க கார்க்குள்ள என்ன பேசினோம் தெரியுமா? "மச்சி, லெஃப்ட்ல ஒதுங்கு, எக்ஸிட் விட்றாத." நாலு தடவையும் அதே வசனம் தான்.

இப்ப சண்டைக்கு வர்றேன்.

2025 மே மாசம் அப்பா அம்மா பவானியிலிருந்து வந்தாங்க. அப்பா மின்வாரியத்துல மீட்டர் ரீடிங் எடுத்தே ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷம் வீடு வீடா ஏறி இறங்கினதுல முட்டி ரெண்டும் போச்சு. வாரநாள் பூரா நான் ஆபீஸ்ல ஆணி புடுங்க, அவங்க ரெண்டு பேரும் அபார்ட்மென்ட் ஜன்னல் வழியா பார்க்கிங் லாட்டைப் பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க. இந்த ஊர்ல பையன் பொண்ணு வீட்டுக்கு வந்த எந்தப் பெத்தவங்களைக் கேட்டாலும் இதே கதை தான். அதனால சனி ஞாயிறு வந்தா நமக்குக் குற்ற உணர்ச்சி பொங்கிடும். உடனே எக்ஸெல் ஷீட்டைத் திறப்போம். நயாகரா, நியூயார்க், வாஷிங்டன், கோவில், அவுட்லெட். ஒவ்வொண்ணுக்கு நேரா ஒரு டிக்.

நயாகரா போய்ட்டு வந்த ராத்திரி அப்பாவோட நோட்டுப் புத்தகத்தைத் தற்செயலாப் பார்த்தேன். பழைய தொழில் புத்தி, எதையும் குறிச்சு வைப்பார். அதுல எழுதி இருந்தது: "காரில் 11 மணி. அருவி 1 மணி 50 நிமிடம்." கீழ ஒரு கோடு. அவ்வளவு தான். புகார் எதுவும் இல்லை, ரீடிங் மட்டும்.

நாம அவங்களை ஊர் சுத்திக் காட்டலை மக்கா. கூரியர் பார்சல் மாதிரி ஏத்தி இறக்கறோம்.

அடுத்த பிட்ஸ்பர்க் பயணத்துக்கு எக்ஸெல்லை மூடிட்டு பைரேட்ஸ் அணியோட ஆட்ட அட்டவணையைத் திறந்தேன். ஆமா, பேஸ்பால். சொன்னதும் ரூம்மேட்டுகள் மூணு பேரும் சிரிச்சாங்க. ஒருத்தன் கேட்டான், "பெருமாள் இருக்கற ஊருக்குப் போய்ப் பந்தாட்டமாடா?" இன்னொருத்தன், "அங்கிளுக்கு ரூல்ஸே தெரியாதே, மூணு மணி நேரம் எப்படி உக்காருவார்?"

அந்த மூணு மணி நேரக் கதை பழசு. 2023-லேர்ந்து பந்து வீசறவனுக்குக் கடிகாரம் வச்சுட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் ஒரு ஆட்டம் சராசரியா 3 மணி 4 நிமிஷம் போச்சு. கடிகாரம் வந்த வருஷமே 2 மணி 40 நிமிஷம் ஆச்சு. நம்ம படத்தை விடக் கம்மி. அப்புறம் முட்டி வலிக்காரருக்கு உக்கார்றதை விட என்ன வேணும்? லிஃப்ட் இருக்கு, நாற்காலி இருக்கு, சாயங்காலக் காத்து இருக்கு. நயாகராவுல நின்னாரே, அதுதான் கொடுமை. "கிரிக்கெட்டோட காப்பி"ன்னு சொல்றவங்களுக்குப் பதிலே சொல்லப் போறதில்லை. தோசை ஊத்தப்பத்தோட காப்பியான்னு கேக்கற மாதிரி அது.

ஆட்டத்தை வச்சுத் திட்டம் போடறதுல ஒரு வசதி இருக்கு. பருவத்துக்கு 162 ஆட்டம், அதுல 81 சொந்த ஊர்ல. வார இறுதியில பெரும்பாலும் ஒரே எதிரணியோட வெள்ளி, சனி, ஞாயிறுன்னு மூணு ஆட்டம் இருக்கும். வெள்ளி சாயங்காலமும் ஞாயிறு மத்தியானமும் எடுத்துக்கிட்டேன். சனிக்கிழமை முழுக்கக் காலி. ரெண்டு ஆணி அடிச்சுட்டா நடுவுல கொடி தானா தொங்கும். "அடுத்து எங்க, அடுத்து எங்க"ன்னு யாரும் விரட்ட வேண்டியதில்லை. ரெண்டு ராத்திரி ஒரே ஓட்டல்.

வெள்ளிக்கிழமை டவுன்டவுன்லயே காரை விட்டுட்டு நடந்தோம். ஆட்ட நாள்ல ராபர்டோ கிளமென்டே பாலத்துல வண்டிகளை நிறுத்திடுவாங்க. மஞ்சள் பாலம், கீழ அலெகேனி ஆறு, பாலம் பூரா குழந்தை குட்டியோட ஜனம். ஆடிப் பதினெட்டுக்குக் கூடுதுறைக்குப் போற கூட்டம் மாதிரின்னு அம்மா சொன்னாங்க. அமெரிக்கா வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆகியும் இவ்வளவு மனுஷங்க நடந்து போறதை அவங்க அப்பத்தான் பார்த்தாங்க. அது எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

கிளமென்டே யாருன்னு அப்பா கேட்டார். பாலத்து மேலயே சொன்னேன். போர்ட்டோ ரிக்கோகாரர், 1955-லேர்ந்து 1972 வரைக்கும் 18 பருவம் பைரேட்ஸ்க்கு ஆடினவர். சரியா 3000 ஹிட். நிகராகுவாவுல பூகம்பம் வந்தப்ப நிவாரணப் பொருள் ஏத்திட்டு 1972 டிசம்பர் 31 ராத்திரி கிளம்பின விமானம் கடல்ல விழுந்துச்சு. உடம்பு கிடைக்கவே இல்லை. வயசு 38. அவர் சட்டை நம்பர் 21, அதனால மைதானத்துல வலது பக்கச் சுவர் 21 அடி உயரம். இன்னொண்ணு, அந்தக் காலப் பத்திரிகைக்காரங்க அவரை "பாப்" "பாபி"ன்னு சுருக்கிக் கூப்பிட, அவர் "என் பேர் ராபர்டோ"ன்னு அடம் பிடிச்சிருக்கார். (என்னை ஆபீஸ்ல எப்படிச் சுருக்கிக் கூப்பிடறாங்கன்னு அப்பாகிட்ட சொல்லலை. எங்க டமேஜர் வச்ச பேர் அது.)

உள்ள போனா மேல் அடுக்குல எங்களுக்கு இடம். எதிர்ல ஆறு, பாலம், கட்டடங்கள். நான் நாலு தடவை 60 மைல் வேகத்துல கடந்து போன அதே ஊர், இப்ப ரெண்டரை மணி நேரம் அசையாம முன்னாடி உக்காந்திருந்துச்சு. வெளிச்சம் மாற மாற அம்மா அதைத்தான் பார்த்துட்டு இருந்தாங்க, ஆட்டத்தை இல்லை.

அப்பா பக்கத்துல எழுபது வயசுப் பெரியவர் ஒருத்தர். மடியில அட்டை, கையில பென்சில். ஒவ்வொரு பந்துக்கும் ஏதோ குறிக்கிறார். எங்கப்பாவால அதைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியுமா? எட்டி எட்டிப் பார்த்தார். பெரியவர் சிரிச்சுட்டு அட்டையைத் திருப்பிக் காட்டினார். ஒன்பது ஆட்டக்காரங்களுக்கும் இடத்தைப் பொறுத்து ஒண்ணுலேர்ந்து ஒன்பது வரை நம்பர். 6-4-3ன்னா பந்து எந்தக் கையிலேர்ந்து எந்தக் கைக்குப் போய் ரெண்டு பேர் அவுட்னு அர்த்தம். ஸ்ட்ரைக் அவுட்னா கே. மட்டையை வீசாமலே நின்னு அவுட் ஆனா கே-யைத் திருப்பிப் போடணும். அப்பாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை, பெரியவருக்குத் தமிழ் சுத்தம். அஞ்சாவது இன்னிங்ஸ்ல அப்பா நோட்டுல கோடு போட்டு அவரே எழுத ஆரம்பிச்சுட்டார். ஒரு இடத்துல தப்பாப் போட்டதைப் பெரியவர் பென்சிலால தட்டித் திருத்தினார். வந்த நாள்லேர்ந்து என் மூலமா இல்லாம அப்பா இந்த நாட்டு ஆள் ஒருத்தரோட பழகினது அதுதான் முதல் தடவை.

பைரேட்ஸ் தோத்தாங்க. அது வழக்கம்.

சனிக்கிழமை மெதுவா எழுந்து பாயின்ட் பார்க். அலெகேனியும் மொனொங்கஹீலாவும் சேர்ந்து ஒஹையோ ஆறா மாறற முனை. அங்க ஒரு பெரிய நீரூற்று. அதுக்குத் தண்ணி அந்த ஆறுகள்லேர்ந்து வரலை, பூமிக்கு அடியில ஓடற ஊத்துலேர்ந்து வருது. ஊர்க்காரங்க அதை நாலாவது ஆறுன்னு சொல்வாங்க. பவானிக்காரங்களுக்கு நான் வேற விளக்கணுமா? காவிரி, பவானி, கண்ணுக்குத் தெரியாத அமுதநதி. அம்மா குனிஞ்சு தண்ணியைத் தலையில தெளிச்சுக்கிட்டாங்க. மத்தியானம் ஓக்லாண்ட்ல பழைய ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானத்தோட மிச்சச் சுவரைப் பார்த்தோம். செங்கல் சுவர், கொடி படர்ந்து, பல்கலைக்கழகத்துக்கு நடுவுல நிக்குது. அப்புறம் ஓட்டல், தூக்கம். எந்த டிக்கும் இல்லை.

ஞாயிறு காலைல கோவில். அவசரமில்லாத தரிசனம். ரூம்மேட் கவனிக்கவும், பெருமாளை நான் விட்டுட்டு வரலை. கேன்டீன்ல மூணு புளியோதரை வாங்கி, உள்ள இருக்கறது தெரியற பையில போட்டு எடுத்துக்கிட்டோம். இந்த மைதானத்துல வெளிச் சாப்பாட்டை அனுமதிக்கறாங்க. மேல் அடுக்குல உக்காந்து பெருமாள் கோவில் புளியோதரையோட பேஸ்பால் பார்த்த சுகத்தை எழுதினா கொசுவத்தி சுத்தறான்னு சொல்வீங்க, விடறேன். நடுவுல பியரோகி ஓட்டம்னு ஒண்ணு. போலந்துலேர்ந்து இரும்பாலை வேலைக்கு வந்தவங்க கொண்டாந்த பலகாரம், அந்த மாதிரி வேஷம் போட்டுட்டு ஓடுவாங்க. "சோமாசிக்குக் கை கால் முளைச்சிருக்கு கண்ணு"ன்னு அம்மா சிரிச்ச சிரிப்பு நயாகராவுல வரலை. ஏழாவது இன்னிங்ஸ்ல எல்லாரும் எழுந்து நின்னு பாட, "பஜனையா?"ன்னு கேட்டாங்க. ஏறக்குறைய அதேதான்.

நம்மாளுங்க எதிர்ப்பெல்லாம் சுலபம். பதில் சொல்லக் கஷ்டமான எதிர்ப்பு எங்க ஆபீஸ்ல பிட்ஸ்பர்க்ல பிறந்து வளர்ந்த ஒருத்தர்கிட்டேர்ந்து வந்துச்சு. "அந்த ஓனருக்கா காசு குடுத்தே?"

அவர் கோபம் நியாயம். 1993-லேர்ந்து 2012 வரை தொடர்ந்து 20 பருவம் தோல்விக் கணக்கு. 2015-க்கு அப்புறம் 2025 முடிய ஒரு தடவை கூட பிளே-ஆஃப் இல்லை. நல்ல ஆட்டக்காரன் தேறினா விலை ஏறும் முன்னாடி வித்துடறாங்கன்னு ஜனம் கொதிக்குது. "டீமை வித்துட்டுப் போ"ன்னு கேலரியில கத்தறாங்க. 2025 ஏப்ரல்ல அந்த 21 அடிச் சுவர்ல இருந்த கிளமென்டே நம்பரை எடுத்துட்டு ஒரு சாராய விளம்பரம் போட்டாங்க. அவர் குடும்பமும் ஊரும் சண்டை போட்ட பிறகு நம்பர் திரும்ப வந்துச்சு. இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டே டிக்கெட் வாங்கினவன் நான். மைதானம் பெரும்பாலும் பொதுப் பணத்துல கட்டினது, இன்னிக்கும் பொது அமைப்புக்குச் சொந்தம், பாலமும் ஊருக்குச் சொந்தம், ஓனருக்காக ஊரை ஏன் விடணும்னு வாதாடினேன். "உன் ஊர் அணியா இருந்தா இப்படிப் பேச மாட்டே"ன்னார். அந்த இடத்துல எனக்கு வாய் அடைச்சுடுச்சு. டிக்கெட்டைத் தவிர ஒரு காசு குடுக்கலை, தொப்பி வாங்கலை, சோறு கூடப் பெருமாளோடதுன்னு சமாளிச்சேன். அதுக்கு மட்டும் சிரிச்சார்.

ஒரு தகவல்: 2008-ல ரிங்கு சிங், தினேஷ் படேல்னு ரெண்டு இந்தியப் பசங்களை ஒப்பந்தம் செஞ்சது இதே பைரேட்ஸ் தான். அந்தக் கதையை வச்சு 2014-ல வந்த படத்துக்கு இசை நம்ம ரஹ்மான். இது தெரிஞ்சப்புறம் ரூம்மேட் ஒருத்தன் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கான்.

நான் செஞ்ச தப்பு ஒண்ணு உண்டு. பந்து வீசறவங்க முறை வச்சு வருவாங்க, அதைப் பார்க்காம தேதி போட்டுட்டேன். பால் ஸ்கீன்ஸை நாங்க பார்க்கலை. 2025-ல அவர் ஈ.ஆர்.ஏ. 1.97, கணக்கு 10 வெற்றி 10 தோல்வி. இவ்வளவு நல்லா வீசியும் பாதிக்குப் பாதி தோல்விங்கறதுல அந்த அணியோட மொத்த ஜாதகமும் இருக்கு. அப்பா ஊருக்குத் திரும்பினப்புறம் பிட்ஸ்பர்க்ல சாயங்காலம் 6:40-க்கு ஆட்டம்னா பவானியில விடிகாலை 4:10. ஒரு நாள் போன் பண்ணி, "அந்த முப்பதாம் நம்பர் பையன் இன்னைக்கு ஏழு இன்னிங்ஸ் போட்டான் சாமி, பாரு, ஒருத்தனும் ஒரு ரன் எடுத்துக் குடுக்கல"ன்னார். அம்மா பின்னாடிலேர்ந்து, முட்டிக்கு எண்ணெய் போடாம இதைத்தான் பார்த்துட்டு இருக்கார்னு சத்தம் போட்டாங்க.

டிஸ்கி: அடுத்த கோடைக்கு அப்பா அம்மா வர்றாங்கன்னா சொல்லுங்க, என்கிட்டயும் ஒரு எக்ஸெல் இருக்கு. மூணே வரி. ஞாயிறு ஆட்டத்துக்குத் தொப்பியும் தண்ணி பாட்டிலும் மறக்காதீங்க. அப்பாவுக்கு ஒரு பென்சில்.