அந்த எழுத்தைச் சொல்லாதே!

அக்கா வீட்டு வாசலில் கிடந்த மிதியடியில் ஒரு கோளாறு. 'வெல்கம்' என்ற ஆங்கில வார்த்தையில் கடைசிக்கு முந்தின எழுத்தைச் சிவப்பு டேப் ஒட்டி மறைத்திருந்தார்கள்.

"என்ன மாமா, எலி கடிச்சிடுச்சா?" என்றேன், பெட்டியை இறக்கிக்கொண்டே.

மாமா பதறிவிட்டார். "ஷ்ஷ்... அந்த 'எம்' எழுத்தை இந்த வாரம் இந்த ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க மாப்ளே!"

ஊர், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் தலைநகர் கொலம்பஸ். நான் போய் இறங்கியது 2024 நவம்பர் கடைசி வாரம். சனிக்கிழமை ஒஹையோ ஸ்டேட் யுனிவர்சிடிக்கும் மிஷிகன் யுனிவர்சிடிக்கும் ஃபுட்பால். பங்காளிச் சண்டை. அந்த வாரம் முழுக்க யுனிவர்சிடி வளாகத்தில் எந்த போர்டில் 'எம்' இருந்தாலும் அதன் மேல் சிவப்பு டேப்பில் பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள். மியூசியம், மேத்ஸ், மியூசிக் எதுவும் தப்பாது. எங்கள் மாமா மயிலாடுதுறைக்காரர். அந்த வாரம் மட்டும் 'யிலாடுதுறை'க்காரர்!

ஃபுட்பால் என்றதும் மாரடோனாவை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது வேறு. பந்து முட்டை மாதிரி இருக்கும். கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஓடுகிறவனை எதிரணி ஆட்கள் எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி வந்து மோதிச் சாய்ப்பார்கள். காலுக்கு வேலை ரொம்பக் குறைவு. பெயர் மட்டும் ஃபுட்பால். (நான் படித்த பி.காமில் வணிகம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு.)

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஆட்டம். பதினொன்றரைக்கே பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்துவிட்டார். எழுபது வயது, லாரி ஓட்டி ரிடையர் ஆனவர். 1970களில் ஏதோ ஒரு சின்னக் காலேஜுக்கு ஆடியிருக்கிறார். அந்த ஞாபகார்த்தமாக வலது முழங்கால் மடங்காது. கூடவே பேரன். பதினேழு வயது, ஆறடி மூன்றங்குலம். ஸ்கூல் டீமில் ஆடுகிறான். வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. வெளியே வெயிலே கிடையாது. சரி, ஸ்டைல் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

"இவன் த்ரீ ஸ்டார்" என்று பேரனை அறிமுகப்படுத்தினார் பெரியவர்.

த்ரீ ஸ்டார் என்றால் எனக்குத் தெரிந்தது ஓட்டல்தான். மாமா விளக்கினார். ஸ்கூல் பையன்களின் ஆட்டத்தைப் பார்த்து ஒன்றிலிருந்து ஐந்து வரை ஸ்டார் போடுவதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. ஐந்து ஸ்டார் பையன் என்றால் பெரிய பெரிய கோச்சுகள் வீடு தேடி வந்து, அம்மா சமைத்ததைச் சாப்பிட்டு "ஆஹா" சொல்லிவிட்டுப் போவார்கள். அது கிட்டத்தட்ட பெண் பார்க்கும் படலம். சொஜ்ஜி பஜ்ஜிதான் இல்லை.

முகூர்த்த நாளும் உண்டு. ரொம்ப வருஷமாக அது பிப்ரவரி மாதத்து முதல் புதன்கிழமை. 2017லிருந்து டிசம்பருக்கே முன்னால் வந்துவிட்டது. பையன் டி.வி. காமிராக்களுக்கு முன்னால் உட்காருவான். மேஜையில் நாலைந்து காலேஜ்களின் தொப்பிகள். எதை எடுத்துத் தலையில் வைக்கிறானோ அந்தக் காலேஜ். கையெழுத்துப் போட்ட பேப்பர் ரொம்ப காலம் ஃபேக்ஸில்தான் போய்க்கொண்டிருந்தது. உலகமே ஃபேக்ஸை மறந்த பிறகும் இவர்கள் ரொம்ப நாள் விடாமல் இருந்தார்கள். 2013ல் ஃப்ளோரிடாவில் ஒரு பையனின் அம்மாவுக்கு அவன் எடுத்த காலேஜ் பிடிக்கவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு போயே விட்டார்! மறுநாள் அப்பாவின் கையெழுத்தோடு காரியம் முடிந்தது.

"இதுல பையனுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டேன். பி.காம். புத்தி எங்கே போகும்?

பெரியவர் சிரித்தார். (அவர் பேசியது இங்கிலீஷில். நான் என் தமிழில் தருகிறேன்.) "எங்க காலத்துல ஃபீஸ், சாப்பாடு, ரூம். அதுக்கு மேல பத்து டாலர் வாங்கினாலும் குத்தம்."

குற்றம் என்றால் சாதாரணக் குற்றமில்லை. டல்லாஸில் சதர்ன் மெதடிஸ்ட் யுனிவர்சிடி என்று ஒன்று. அங்கே 13 ஆட்டக்காரர்களுக்குப் பணக்கார ரசிகர் ஒருவர் மூலமாக 61,000 டாலர் போயிருந்தது. 1987ல் கண்டுபிடித்து, அந்த வருஷம் டீமே ஆடக்கூடாது என்று தடை போட்டார்கள். பெயரே 'மரண தண்டனை'! அந்தப் பணப் பட்டுவாடா தொடர்ந்ததில் தனக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டவர் யார் தெரியுமா? டெக்சாஸ் மாநில கவர்னர் பில் கிளமெண்ட்ஸ். அவர் முன்பு அந்த யுனிவர்சிடி நிர்வாகக் குழுத் தலைவர். இந்தத் தொகையை எந்த லெட்ஜரில் ஏற்றியிருப்பார்கள் என்று யோசித்தேன். சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது காலம் தலைகீழ். 2021ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஆட்டக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அதே ஜூலையிலிருந்து பையன்கள் விளம்பரத்தில் நடித்துக் காசு பார்க்கலாம் என்று ஆனது. 2025 ஜூனில் ஒரு வழக்கு சமரசமாகி, ஒவ்வொரு காலேஜும் தன் ஆட்டக்காரர்களுக்கு வருஷத்துக்கு 2.05 கோடி டாலர் வரை நேரடியாகவே கொடுக்கலாம் என்று வந்துவிட்டது. 61,000 டாலருக்கு மரண தண்டனை, இரண்டு கோடிக்கு ரசீது!

கோச்சுகள் மட்டும் எந்தக் காலத்திலும் பட்டினி கிடந்ததில்லை. 2023ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிடி தன் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்பியது. ஒப்பந்தப்படி அதற்காக அவருக்குத் தரவேண்டிய தொகை சுமார் 7.6 கோடி டாலர். நம் கணக்கில் அறுநூறு கோடி ரூபாய்க்கு மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு! ஒரு ஆபீஸில் நானும் அதைத்தான் செய்தேன். மெமோதான் கொடுத்தார்கள்.

டி.வி.யில் ஆட்டம் இழுபறி. லட்சம் பேர் கத்துகிறார்கள். மாமா இன்னும் பலமாகக் கத்துகிறார். பேரன் மெதுவாகக் கேட்டான்: "சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா?"

அக்கா பஜ்ஜித் தட்டோடு வந்தவள் நின்றாள். அவள் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். பஜ்ஜியை அவன் தொடவில்லை என்பதையும் கவனித்துவிட்டாள்.

"கண்ணாடியைக் கழட்டு. தலை வலிக்குதா?"

"கொஞ்சம்."

"எத்தனை நாளா?"

தாத்தாவைப் பார்த்தான். "ரெண்டு வாரமா. கடைசி மேட்ச்சுல ஒருத்தன் தலையோட தலை மோதினான். அப்புறம் வெளிச்சம் பட்டாலே..."

"கோச்கிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. ஒஹையோ சட்டப்படி, மூளை அதிர்ந்திருக்கும் என்று சந்தேகம் வந்தாலே ஸ்கூல் பையனை வெளியே உட்கார வைத்துவிட வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் மறுபடி ஆட முடியாது. அடுத்த சனிக்கிழமை ஒரு கேம்ப். ஸ்டார் போடுகிறவர்கள் பார்க்க வருகிறார்கள். நன்றாக ஆடினால் நாலாவது ஸ்டார். நாலாவது ஸ்டார் என்றால் பெரிய காலேஜ், பெரிய பணம். சொல்வானா?

அறையில் யாரும் பேசவில்லை. பெரியவர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"எங்க காலத்துல அடிபட்டா டிரெய்னர் வந்து விரலைக் காட்டி 'எத்தனை?'னு கேப்பார். நாம எத்தனைனு சொன்னாலும் 'சரி, போய் ஆடு'ம்பார்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இந்த ஆட்டத்தின் சரித்திரத்தில் இப்படிப் பட்ட விரல்கள் ஏராளம். 1955ல் கொலராடோவில் ரே டெனிசன் என்ற மாணவர் தலையில் அடிபட்டுச் செத்துப் போனார். தொழிலாளிக்குக் கிடைக்கிற நஷ்ட ஈடு வேண்டும் என்று மனைவி கோர்ட்டுக்குப் போனார். காலேஜ் ஃபுட்பால் வியாபாரம் நடத்தவில்லை, அதனால் அவர் தொழிலாளி இல்லை என்று 1957ல் மாநில சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 'மாணவ விளையாட்டு வீரர்' என்று கௌரவமாக ஒரு பெயர் சொல்கிறார்களே, அது அந்த வருஷங்களில் இந்த மாதிரி கேஸ்களுக்குப் பயந்து உண்டாக்கிய வார்த்தை. உண்டாக்கிய சங்கத்தின் தலைமை நிர்வாகி வால்டர் பயர்ஸே பிற்பாடு புத்தகத்தில் எழுதிவிட்டார். வார்த்தைக்குச் செலவில்லை, நஷ்ட ஈட்டுக்கு உண்டு.

அதே சங்கம் சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் மகா கறார். பேகல் என்று ஒரு ரொட்டி. நம் மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டை. ரொம்ப காலத்துக்கு, அதைச் சும்மா கொடுத்தால் நொறுக்குத் தீனி, கொடுக்கலாம். மேலே க்ரீம் சீஸ் தடவினால் சாப்பாடு, கூடாது! 2014ல்தான் வயிறார எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று அனுமதி வந்தது.

2018 மே மாதம் மேரிலாண்ட் யுனிவர்சிடியில் ஜோர்டன் மெக்நேர் என்ற பத்தொன்பது வயதுப் பையன், பயிற்சியில் ஓடி ஓடி உடம்பு கொதித்து விழுந்தான். அந்த நிலைமைக்கு உடனடி வைத்தியம் ஒரு தொட்டி ஜில் தண்ணீரில் உட்கார வைப்பது. அதைச் செய்யவில்லை. இரண்டு வாரம் கழித்து இறந்து போனான். பொறுப்பு எங்களுடையதுதான் என்று யுனிவர்சிடி தலைவர் ஒப்புக்கொண்டார். கோடிக்கணக்கில் புரளும் இடத்தில் ஒரு தொட்டித் தண்ணீர் சார்!

சரி, ஆட்டத்துக்கு வருவோம். கடைசி நிமிஷத்தில், 45 விநாடி பாக்கி இருக்கும்போது மிஷிகன் ஒரு உதை உதைத்தது. (இதற்கு மட்டும் கால்!) 13க்கு 10. ஒஹையோ அவுட். பதினொரு ஆட்டத்தில் ஐந்தைத் தோற்றுவிட்டு வந்த டீமிடம், சொந்த மைதானத்தில், தொடர்ந்து நாலாவது முறை. அவர்கள் நடு மைதானத்தில் கொடியை நடப் போக, கைகலப்பு, போலீஸ், மிளகு ஸ்ப்ரே.

மாமா சோபாவில் சரிந்தார். "போச்சு. எல்லாம் போச்சு."

"ஒண்ணும் போகல. இப்ப பன்னிரண்டு டீம் இல்ல?" என்றார் பெரியவர்.

அமெரிக்காவில் காலேஜ் சாம்பியன் யார் என்று தீர்மானிப்பது நம் ஊரில் பாகப் பிரிவினை மாதிரி. முதலில் பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போட்டார்கள். 1998லிருந்து ஓட்டோடு கம்ப்யூட்டரும் சேர்ந்து இரண்டு டீமைப் பொறுக்கியது. 2014லிருந்து ஒரு கமிட்டி நாலு டீமைத் தேர்ந்தெடுத்தது. அந்த நாலு டீம் காலத்தில், இரண்டு ஆட்டம் தோற்றவர்கள் ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. 2024லிருந்து பன்னிரண்டு டீம்.

நாலு டீம் முறையின் கடைசி வருஷமான 2023ல் ஒரு கூத்து. ஃப்ளோரிடா ஸ்டேட் டீம் பதின்மூன்று ஆட்டத்தில் பதின்மூன்றையும் ஜெயித்தது. ஆனாலும் கமிட்டி சேர்க்கவில்லை. காரணம், முக்கிய ஆட்டக்காரர் ஜோர்டன் டிராவிஸுக்குக் கால் உடைந்துவிட்டது. இனி இந்த டீம் பழைய டீம் இல்லையாம்! டிராவிஸ் எழுதினார், என் கால் சீசன் ஆரம்பத்திலேயே உடைந்திருக்கலாமே என்று. அப்போதாவது மற்றவர்களின் திறமை எல்லோருக்கும் தெரிந்திருக்குமாம்.

பெரியவர் இதைச் சொல்லிவிட்டுப் பேரனைப் பார்த்தார். "காலை உடைச்சுக்கிட்டவனே டீம்கிட்ட மன்னிப்புக் கேக்கற மாதிரி ஆயிடுச்சு. தலைவலியை நீ எப்படி வெளியில சொல்லுவே?"

எழுந்தார். மடங்காத காலை இழுத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார். "திங்கட்கிழமை டாக்டர். கேம்ப் கிடையாது."

"தாத்தா, நாலாவது ஸ்டார்..."

"எனக்கு ஸ்டார் தெரிஞ்சிருக்கு. அடிபட்டப்பல்லாம் தெரிஞ்சிருக்கு. போதும்."

பையன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டான். இந்தத் தடவை வெளிச்சத்துக்காக இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து டி.வி.யை அணைத்தாள். மாமாகூட ஆட்சேபிக்கவில்லை.

மாமாவின் 'எல்லாம் போச்சு' பலிக்கவில்லை. இரண்டு தோல்வியோடு பன்னிரண்டு டீமுக்குள் நுழைந்த ஒஹையோ ஸ்டேட், வரிசையாக நாலு ஆட்டம் ஜெயித்து, 2025 ஜனவரி 20ஆம் தேதி நாட்டர் டேமை 34க்கு 23 என்று தோற்கடித்து சாம்பியன் ஆகிவிட்டது. மாமா நடுராத்திரி எனக்குப் போன் செய்து கத்தினார். பெரியவர் மட்டும் கேட்டாராம்: "எங்க காலத்துல சீசனுக்குப் பத்துப் பதினோரு மேட்ச். இப்ப பதினாறு. தலை மட்டும் அதே ஒண்ணுதானே?"

பேரன் விஷயம் கேட்பீர்கள். தலைவலி விட ஆறு வாரம் ஆயிற்று. நாலாவது ஸ்டார் வரவில்லை. பெரிய காலேஜ் எதுவும் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. ஒரு சின்னக் காலேஜ் கூப்பிட்டது, போய்விட்டான். ஆட்டம் உண்டு, பணம் பெரிதாக இல்லை. படிப்பு என்ன என்று அக்காவிடம் கேட்டேன்.

"அக்கவுண்டிங்டா. அவனே ஆசைப்பட்டு எடுத்துக்கிட்டானாம்!"

ஒரு பி.காம். பட்டதாரி என்ற முறையில் எனக்குக் கவலை வந்துவிட்டது. "அக்கா, அந்த டாக்டர் தலையைச் சரியா பார்த்தாரா?"