"ஆஃப் ஆகுது"ன்னு எழுதுங்க தம்பி!

பதிவு கொஞ்சம் நீளம்தான். கார் வைத்திருப்பவர்கள், வாங்கப் போகிறவர்கள், பிள்ளைக்கோ மருமகனுக்கோ வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

வண்டியில் ஏதோ கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்குப் போனால் முதலில் கிடைக்கிற பதில் என்ன? "சார், வண்டியில ஒண்ணும் இல்ல. நீங்க ஓட்டுற விதத்துலதான் இருக்கு." நரைத்த தலையைப் பார்த்தால் வயசைக் காரணம் சொல்வார்கள். ஓட்டியது பெண் என்றால் கேட்கவே வேண்டாம், காரைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பத்து லட்சம் கொடுத்து வாங்கியவன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான், விற்றவன் நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறான்!

இந்தப் பதில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் செவ்ரோலெட் கோபால்ட். பெரிய ஆடம்பரக் கார் இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், காலேஜ் பிள்ளைகள் வாங்கக்கூடிய விலையில் வந்த சாதாரண செடான். 2005 மாடலாக விற்பனைக்கு வந்தது.

அந்தக் காரில் சாவி போடுகிற இக்னிஷன் சுவிட்சுக்குள் இருந்த ஸ்பிரிங் போதுமான இறுக்கம் இல்லாதது. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் லேசாகப் பட்டாலோ, பள்ளத்தில் குலுங்கினாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி தானாக ஒரு நிலை பின்னால் திரும்பிவிடும். எஞ்சின் நின்றுவிடும். பவர் ஸ்டீயரிங் போய்விடும், பிரேக்குக்கான உதவியும் போய்விடும். இதெல்லாவற்றையும்விடக் கொடுமை, சாவி அந்த நிலைக்குப் போனால் ஏர்பேக்குக்கும் மின்சாரம் இல்லை. அதாவது எந்த நிமிஷத்தில் ஏர்பேக் வேண்டுமோ, அந்த நிமிஷத்தில் அது விரியாது.

யாருக்கும் தெரியாமல் இருந்த குறை இல்லை இது. வண்டி கடைக்கு வருவதற்கு முன்பே, சோதனை ஓட்டத்தில் கம்பெனியின் பொறியாளர் ஒருவருக்கே எஞ்சின் நின்றது. வந்த பிறகு வாங்கியவர்கள் புகார் சொன்னார்கள். 2005இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் காரைப் பற்றி எழுதியவரின் மனைவிக்கும், முழங்கால் பட்டு வண்டி நின்றது. அது அச்சிலேயே வந்தது. கம்பெனி சொன்ன பதில்: எஞ்சின் நின்றாலும் வண்டியைக் கட்டுப்படுத்த முடியும்.

அப்படியானால் கம்பெனிக்குள் இந்தப் புகாரை எந்தக் கோப்பில் வைத்தார்கள்? 'பாதுகாப்பு' என்ற கோப்பில் வைக்கவில்லை. 'வாடிக்கையாளர் வசதி' என்ற கோப்பில் வைத்தார்கள். ஏசி குளிரவில்லை, கண்ணாடி இறங்கவில்லை என்பது போல! ஓடுகிற கார் நடுரோட்டில் நிற்பது வசதிக் குறைவாம். வசதிக் குறைவு என்று ஒரு தடவை எழுதிவிட்டால் அதற்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்ற கணக்கு வந்துவிடும். மாற்று சுவிட்சுக்கு ஒரு வண்டிக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத்தான் கூடுதல் செலவு. அதுகூட லாபம் தராது என்று 2005இல் விட்டுவிட்டார்கள்.

அந்த வருஷம் டிசம்பரில் டீலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது. ஓட்டுநர் குள்ளமாக இருந்து, சாவிக்கொத்து கனமாக இருந்தால் இப்படி ஆகலாம், தேவையில்லாததைச் சாவிக்கொத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று. கவனித்தீர்களா? குறை ஸ்பிரிங்கில் இல்லை. உன் உயரத்தில் இருக்கிறது, உன் வீட்டுச் சாவியில் இருக்கிறது! இன்னொன்றும் உண்டு. ஓடும்போது வண்டி நின்றுவிடுவதற்கு ஆங்கிலத்தில் இருக்கிற நேரடியான ஒற்றைச் சொல்லை அந்தச் சுற்றறிக்கையில் வேண்டுமென்றே போடவில்லை. போட்டால் அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்புத் துறை கண் வைக்கும், வண்டியைத் திரும்ப அழைக்க வேண்டிவரும் என்பதுதான் காரணம். பின்னால் கம்பெனியே வக்கீல் வைத்து நடத்திய விசாரணையில் வெளியே வந்த விஷயம் இது.

36 வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லும் சொல்லிக் கொடுத்தவன் நான். சொல்லுக்கு இவ்வளவு பயப்படுகிற ஆட்களை நான் பார்த்ததில்லை. 2008இல் தன் ஊழியர்களுக்கு இதே கம்பெனி ஒரு பாடமே நடத்தியிருக்கிறது, எந்தெந்தச் சொல்லை எழுதக் கூடாது என்று. 'பிரச்சினை' என்று எழுதாதே, 'விஷயம்' என்று எழுது. 'குறைபாடு' என்று எழுதாதே, 'வடிவமைத்தபடி செயல்படவில்லை' என்று எழுது. 'மோசம்' கூடாது, 'நிர்ணயித்த அளவுக்குக் கீழே' என்று போடு. இப்படி 69 சொற்கள்! 2014இல் அரசாங்கம் அபராதம் போட்டபோது அந்தப் பட்டியல் உலகத்துக்கே தெரிந்தது.

சொல்லை மாற்றியதால் என்ன ஆனது என்று இரண்டு பேரை வைத்துச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

டெக்ஸாஸில் ஒரு இளம் பெண், 21 வயது. 2004இல் அவள் ஓட்டிய கார் மரத்தில் மோதி, பக்கத்தில் இருந்த காதலன் இறந்துபோனான். அது கோபால்ட் இல்லை, அதே கம்பெனியின் சாட்டர்ன் அயான் என்ற இன்னொரு சின்ன செடான், அதே மாதிரி சுவிட்ச். அவள் கவனக்குறைவால் கொலை செய்தாள் என்று வழக்கு. 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஐந்து வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தாள். அவள் ஒப்புக்கொள்வதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, கம்பெனிக்குள் அந்த விபத்தைப் பரிசீலித்து, கோளாறு காரில்தான் என்று முடிவுக்கு வந்திருந்தார்கள். அவளிடம் சொல்லவில்லை. நீதிமன்றத்திடமும் சொல்லவில்லை. 2014 நவம்பரில்தான் தீர்ப்பு ரத்தானது. பத்து வருஷம் அந்தப் பெண் நான்தான் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறாள்.

அடுத்தது ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு நர்ஸ். கோபால்ட் வைத்திருந்தாள். ஓடும்போது நிற்கிறது என்று டீலரிடம் கொண்டுபோய் விட்டாள். எரிபொருள் பாதையைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்தார்கள். வண்டியை எடுத்து வந்த கையோடு, 2010 மார்ச் 10 அன்று, ஈரமான ரோட்டில் விபத்து. அன்று அவளுக்கு 29வது பிறந்தநாள். வேகமாகப் போனாள் என்று எழுதி முடித்தார்கள். பெற்றவர்கள் விடவில்லை. என் மகள் அப்படி ஓட்டுகிறவள் இல்லை என்று நின்றார்கள். அவர்கள் வக்கீல் அமர்த்திய பொறியாளர் ஒருவர் கடையில் ஏறக்குறைய 30 டாலருக்குப் புது சுவிட்ச் வாங்கி, பழைய சுவிட்சையும் அதையும் பிரித்துப் பார்த்தார். நம்பர் ஒன்றுதான், உள்ளே ஸ்பிரிங் வேறு! 2006இலேயே சுவிட்சை மாற்றியிருக்கிறார்கள், பார்ட் நம்பரை மட்டும் மாற்றவில்லை. பழைய வண்டியில் குறை, புது வண்டியில் இல்லை, ஏன் என்று கேட்டவர்களுக்கு வருஷக்கணக்கில் பதில் கிடைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

மகளை இழந்த ஒரு குடும்பத்தின் பிடிவாதம் அது. கம்பெனியின் மனசாட்சி இல்லை. 2014 பிப்ரவரியில் வண்டிகளைத் திரும்ப அழைக்கத் தொடங்கினார்கள், மொத்தம் 26 லட்சம். இறந்தவர்கள் 13 பேர் என்று முதலில் சொன்னார்கள். இழப்பீட்டு நிதி விண்ணப்பங்களைப் பார்த்து ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை 124. காயம்பட்டவர்கள் 275. கம்பெனி 15 பேரை வேலையை விட்டு அனுப்பியது. 2015இல் 90 கோடி டாலர் கட்டி கிரிமினல் வழக்கிலிருந்து தப்பித்தது. ஜெயிலுக்குப் போனது? ஒருவரும் இல்லை.

இதை எதற்கு இவர் எழுதுகிறார், அந்தக் கார் நம் ஊரில் ஓடவே இல்லையே என்று கேட்பீர்கள். கார் ஓடவில்லை, அந்தப் பதில் ஓடுகிறது. என் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பெனி பெயர் எழுதப் போவதில்லை, எனக்கு அந்தச் சண்டை வேண்டாம்.

ஓய்வு பெற்ற பணத்தில் ஒரு செடான் வாங்கினேன். ஒரு மணி நேரம் ஓடிச் சூடான பிறகு, சில நேரம் திடீரென்று நின்றுவிடும். ஒருமுறை பைபாஸில் லாரிக்கு முன்னால் நின்றது. வீட்டுக்காரம்மா அதன்பிறகு ஒரு மாதம் ஏற மறுத்துவிட்டார். சர்வீஸ் சென்டரில் அட்வைசர் தம்பி, "கிளட்ச்ச சரியா விடலீங்க சார்" என்றார். நான்காவது கியரில் 70இல் போகும்போது எந்தக் கிளட்சைத் தம்பி விடுவது? ஜாப் கார்டைப் பார்த்தால் 'ஜெனரல் செக்கப்' என்று போட்டிருந்தார். இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை, "ஓடும்போது ஆஃப் ஆகுதுன்னு எழுதுங்க தம்பி, எழுதினால்தான் சாவி தருவேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் வந்தார். கொஞ்ச நேரம் வாக்குவாதம். கடைசியில் எழுதினார்கள். எழுதிய நான்காம் நாள் கிராங்க் சென்சாரை மாற்றிக் கொடுத்தார்கள், வாரண்டியில். அதன்பிறகு நிற்கவில்லை. ஆனால் பில்லைப் பாருங்கள், 'முன்னெச்சரிக்கை மாற்றம்' என்று இருந்தது! கெட்டுப்போனது என்ற வார்த்தை எங்கேயும் இல்லை.

நம் ஆசிரியர் நண்பர்களுக்கு இது புரியும். வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளையை 'நீண்ட விடுப்பு' என்று போட்டு வைத்தால் அந்தப் பிள்ளையைத் தேடி யாரும் போக மாட்டார்கள். 'இடைநின்றவர்' என்று எழுதினால்தான் ஏன், எங்கே, செங்கல் சூளையா, பனியன் கம்பெனியா என்ற கேள்வி வரும். காருக்கும் அதே கணக்குதான்.

கம்பெனிக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வருகிற புகாரில் நிறைய தப்பான புகார்தான். டயரில் காற்றில்லாமல் ஓட்டிவிட்டு ஸ்டீயரிங் இழுக்கிறது என்று வருகிறவர் உண்டு. வகுப்பில் கணக்குப் பாடம் ஆரம்பித்ததும் நாலு பேருக்கு வயிறு வலிக்கும், அதில் மூன்று பேருக்குப் பொய் வலி. அதற்காக நாலாவது பிள்ளையையும் உட்காருடா என்று அதட்டுகிறவர் வாத்தியாரா? எது பொய், எது நிஜம் என்று பார்த்துப் பிரிப்பதற்குத்தானே சம்பளம்?

கம்பெனியைவிட எனக்குக் கோபம் நம்மவர்கள் மேல். ஒரே மாடல் வைத்திருப்பவர்கள் குழு வைத்திருக்கிறார்கள். அங்கே ஒருவர் பிரேக் பிரச்சினை என்று எழுதினால், சக உரிமையாளர்களே பாய்கிறார்கள். "வண்டி பேரைக் கெடுக்காதீங்க ப்ரோ, ரீசேல் விழுந்துடும்." அடப்பாவிகளா! நாளைக்கு அதை யாரிடம் விற்பீர்கள்? அவனும் குழந்தையைப் பின் சீட்டில் வைத்துத்தானே ஓட்டப் போகிறான்?

நம் நாட்டில் இப்போது சட்டம் இருக்கிறது. 2012 முதல் வண்டியைத் திரும்ப அழைப்பது கம்பெனிகள் தாமாகச் செய்துகொண்டதுதான். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள், 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளில், விற்ற எண்ணிக்கையைப் பொறுத்து, குறிப்பிட்ட அளவுக்குமேல் ஒரே குறையைப் பற்றிப் புகார் வந்தால் அரசாங்கமே திரும்ப அழைக்கச் சொல்லலாம். அபராதம் 1 கோடி ரூபாய் வரை. புகாரை மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் நாமே பதியலாம்.

விதியின் அடிப்படையைக் கவனியுங்கள். புகாரின் எண்ணிக்கை! டீக்கடையில் புலம்பியது எண்ணிக்கையில் வராது. 'ஜெனரல் செக்கப்' எண்ணிக்கையில் வராது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு நெடுஞ்சாலைப் போலீஸ்காரர் 2007இலேயே, சாவி பின்னால் திரும்பியிருந்தது, ஏர்பேக் விரியவில்லை, இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று அறிக்கையில் எழுதி வைத்தார். பொறியாளர்கள் கோட்டைவிட்டதை ஒரு போலீஸ்காரர் பிடித்தார். அதை ஏழு வருஷம் யாரும் மதிக்கவில்லை என்பது வேறு. ஆனால் எழுதி வைத்ததால்தான் பின்னால் "எங்களுக்குத் தெரியாது" என்று கம்பெனி சாதிக்க முடியவில்லை.

அதனால் அடுத்த தடவை சர்வீஸுக்கு விடும்போது அவசரப்படாதீர்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது, எந்த வேகத்தில், எத்தனை தடவை, இதை ஒரு தாளில் தமிழிலேயே எழுதிக்கொண்டு போங்கள். ஜாப் கார்டில் உங்கள் வாக்கியத்தையே எழுதச் சொல்லுங்கள், அவர்கள் வாக்கியத்தை வேண்டாம் என்று சொல்லுங்கள். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், தரமாட்டேன் என்றால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி திரும்பி வரும்போது என்ன மாற்றினார்கள் என்று பில்லில் கேளுங்கள், பழைய பாகத்தையும் கேளுங்கள். குறை உயிருக்கு ஆபத்தானது என்றால் வாகன் தளத்தில் அன்றைக்கே பதிந்துவிடுங்கள். கணினி தெரியாதவர்கள் தாளையும் ஆர்.சி. நகலையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள், காலை 10 மணிக்கு மேல் இருப்பேன்.